தனகோடியின் இலை

தை அமாவாசைக்கு முந்தின நாள் டாஸ்மாக் கடை வரிசையில் பார்த்திபனைப் பார்த்தால் செய்யூரில் யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து நிற்பான். ஒரு குவார்ட்டர் வாங்குவான். துண்டில் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, திருடியவன் மாதிரி விறுவிறுவென்று போய்விடுவான். அது அவனுக்கில்லை, செத்துப்போன அவன் தாத்தா தனகோடிக்கு. பார்த்திபனுக்கு அந்த வாடையே ஆகாது.

அமாவாசைப் படையலில் கவுச்சி கிடையாது. வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசம் என்று எல்லாம் சுத்தமாக இருக்கும் இலையில், ஓரமாக அந்த பாட்டில் மட்டும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். "அமாவாசைக்கு இதுவா?" என்று யாராவது கேட்டால், "பெரியவரு ஆசப்பட்டத வெக்கணும்ல" என்று அந்த வீட்டில் பதில் வரும். படையல் முடிந்ததும் பங்காளி ஜெயக்குமார் வந்து பிரசாதத்தை பக்தியோடு எடுத்துப்போவான். பல வருஷமாக இப்படித்தான்.

இந்த வருஷம் பார்த்திபன் அந்த வரிசையில் நிற்க முடியாது. நின்றால், "பாத்தியா, நாங்க சொன்னோம்ல" என்பார்கள்.

ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஐப்பசியில் ஒரு நாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட வேனிலிருந்து இறங்கியவன் கால் பின்னி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பிள்ளையின் அம்மா அதைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பேசச் சொன்னார்கள், நாக்கு குழறியது. ஊதச் சொன்னார்கள், கருவி ஒன்றும் காட்டவில்லை. கருவி ரிப்பேர் என்று முடிவு செய்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனுஷனைவிட கருவியின் மேல் சந்தேகம் வருகிற காலம் இன்னும் வரவில்லை என்று நாம் நினைத்திருப்போம். பார்த்திபன் விஷயத்தில் வந்துவிட்டது.

அவன் மனைவி ஜோதிலட்சுமியே அன்று சாயங்காலம் அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். "ஊது" என்றாள். ஊதினான். வெற்றிலை வாடைகூட இல்லை. கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஆனவளே முகர்ந்து பார்த்துவிட்டாளே என்று அவனுக்கும், பார்த்துவிட்டோமே என்று அவளுக்கும் அந்த ஒரு நொடி இன்றுவரை கிடந்து உறுத்துகிறது.

கார்த்திகை முழுக்க செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர், "இன்னா அண்ணாத்த, காலைலியேவா?" என்பார். ஜோதி தலையைக் குனிந்துகொள்வாள். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா அவனை நேர்கோட்டில் நடக்கச் சொன்னாள், மூக்கைத் தொடச் சொன்னாள். விரல் மூக்குக்கு வராமல் கன்னத்தில் போய் இடித்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பின்மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றாள்.

"குடிப்பீங்களா?"

"சத்தியமா கெடையாது மேடம்."

"நம்புறேன்" என்றாள். பார்த்திபன் அழுதுவிட்டான். அந்த வார்த்தையை அவன் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

டாக்டரம்மா ஒரு தாளில் கட்டமும் வட்டமும் போட்டாள். கட்டம் ஆண், வட்டம் பெண். பார்த்திபனின் கட்டத்தை பேனாவால் கருப்பாக்கினாள். "உங்க அப்பா எப்படி இறந்தார்?"

"கெணத்துல வுழுந்துட்டாரு."

"தாத்தா?"

"குடிச்சிக் குடிச்சி செத்தாரு."

"அப்பா எதனால விழுந்தார்?"

இதை அதுவரை யாரும் கேட்டதில்லை. கிணற்றில் விழுந்தார் என்றால் விழுந்தார், அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது சில குடும்பத்துல வழிவழியா வரும்" என்றாள் டாக்டரம்மா. "அப்படியிருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எந்த டெஸ்ட் எடுக்கணும்னு முடிவு பண்ண எனக்கு உங்க தாத்தாவைப் பத்தித் தெரியணும். எப்படி நடந்தார், எப்படிப் பேசினார், என்ன வயசுல ஆரம்பிச்சது. வீட்ல பழைய பேப்பர் எதுனா இருந்தாலும் பாருங்க."

அவர்களுக்கு இருப்பது ஒரே பிள்ளை, மானசா. மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கூட வேலை செய்யும் கலைவாணனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் வீட்டிலும் சரியென்று சொல்லிவிட்டார்கள். தை அமாவாசை நல்ல நாள், சாயங்காலம் வந்து பூ வைத்துவிட்டுப் போகிறோம் என்று அவன் அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். பெண்ணின் அப்பா குடிப்பாராமே என்று அவள் காதுக்கும் போயிருந்தது. "குடிக்காத ஆம்பள எந்த வூட்ல கீறான்?" என்று பெரிய மனசோடு தள்ளிவிட்டாள். டாக்டரம்மா சொன்னதை மட்டும் மானசாவுக்கும் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. ஆக, தனகோடி குடிகாரராக இருந்தால் மகளுக்குக் கல்யாணம் நடக்கும். நோயாளியாக இருந்தால் புருஷன் மேலுள்ள பழி போகும். இதில் எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ஜோதி தாத்தாவைத் தேடப் புறப்பட்டாள்.

கிராம நிர்வாக அலுவலகத்துப் பழைய இறப்புப் பதிவில் தனகோடி இருந்தார். வயது நாற்பத்தாறு. காரணம், வயோதிகம். அந்தப் பக்கத்தில் எல்லோருமே ஜுரத்திலோ வயோதிகத்திலோதான் செத்திருந்தார்கள். எழுதியவருக்கு வேறு வார்த்தை தெரிந்திருக்காது போலிருக்கிறது.

வீட்டுப் பரண் மேலிருந்த தகரப் பெட்டியில் பழைய கிரையப் பத்திரங்கள் கிடந்தன. ஒன்றில் தனகோடி குண்டு குண்டாக அழகாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். சில வருஷம் கழித்து எழுதிய இன்னொன்றில் அதே பேர் மேலும் கீழும் ஏறி இறங்கிக் கோட்டைத் தாண்டி ஓடியது. கடைசிப் பத்திரத்தில் கையெழுத்தே இல்லை, கட்டைவிரல் ரேகை மட்டும். படிக்கத் தெரிந்த மனுஷன் எதற்கு ரேகை வைத்தார்?

"போதைல வெச்சிருப்பாரு" என்றான் பார்த்திபன்.

"பத்திர ஆபீஸ்க்குமா குடிச்சிட்டுப் போவாரு?"

போன மாதம் பேங்கில் அவன் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஜோதி பெட்டியை மூடினாள்.

தனகோடியைக் கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஆள், அவருடைய மகள் சம்பூர்ணம். பார்த்திபனுக்கு அத்தை, முறைப்படி ஜோதிக்குப் பெரியம்மா. அச்சரப்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். பொங்கல் கழிந்து வேர்க்கடலை விதைப்புக்கு நேரமாகிவிட்டதால், உடைக்க வேண்டிய மணிலாக்கொட்டை மூட்டையையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டே ஜோதி போனாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வெறுங்கையோடு ஊருக்குப் போய் உட்காருகிற வசதி அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

சம்பூர்ணம் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தாலும் நிமிர்ந்துதான் நடப்பாள். மூட்டையைப் பார்த்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். விதைக் கொட்டையை மெஷினில் விடக்கூடாது. பருப்பின் சிவப்புத் தோல் உரிந்தால் முளைக்காது. ஒவ்வொன்றாகத் தரையில் தட்டி, விரலால் அழுத்தி உடைக்க வேண்டும். கொஞ்ச நேரம் டக் டக் என்ற சத்தம் மட்டும் இருந்தது. வெளியே ஜிஎஸ்டி ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வேடந்தாங்கல் பக்கம் போகிற பறவைக் கூட்டம் ஒன்று வீட்டுக்கு மேலே கத்திக்கொண்டு போனது.

"இன்னாடி ஜோதி, மூஞ்சே சரியில்ல. பார்த்திபன் இன்னும் குடிச்சிகினுதான் கீறானா?"

"அவுரு குடிக்கல பெரியம்மா."

"எல்லாரும் அப்டித்தான் சொல்வானுங்க."

"உங்க நைனா எப்டிச் சொன்னாரு?"

சம்பூர்ணத்தின் கை நின்றது. பிறகு மறுபடி தட்டினாள். "அவுரு எதுக்கு இப்போ?"

"ஆஸ்பத்திரில கேக்கறாங்க. எப்டி நடப்பாரு, எப்டிப் பேசுவாருன்னு."

"குடிகாரன் எப்டி நடப்பான்? அப்டித்தான்."

"தண்ணி குடிச்சா பொற ஏறுமா?"

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். "உனுக்கு யாரு சொன்னா?"

"இவுருக்கு ஏறுது. சோறு எறங்குது, தண்ணி எறங்கல."

சம்பூர்ணம் முறத்தைத் தள்ளி வைத்தாள். பேசியபோது குரல் சின்னதாக இருந்தது.

"தண்ணியே எறங்காத மனுஷனுக்கு சாராயம் எப்டிம்மா எறங்கும்? எங்க நைனா ஒரு நாளும் தொட்டதில்ல. செவுத்தப் புட்சிகினே நடப்பாரு. அப்பால சவுக்குக் கழிய ஊனிகினு. பேச்சு கொழகொழன்னு ஆயிப்போச்சி. கேவுரு களி கிண்டி உருட்டிக் குடுத்தாதான் முழுங்குவாரு. நான்தான் ஊட்டுவேன். அப்போ எனுக்கு பன்னெண்டு பதிமூணு வயசு இருக்கும்."

"அப்போ குடிகாரன்னு யாரு சொன்னது?"

"எங்கம்மாதான்."

ஜோதிக்குப் புரியவில்லை.

"எங்க நைனாவோட அப்பனுக்கும் இதே மாரி இருந்திச்சாம். ரெண்டாவது ஆளுக்கும் வந்துச்சின்னா ஊரு இன்னா சொல்லும்? வம்சத்துக்கே நோவுன்னு சொல்லும். எனுக்கு யாரு பூ வெப்பான்? குடிகாரன் பொண்ணுன்னா கட்டிக்குவாங்க, நோவுக்காரன் பொண்ணக் கட்ட மாட்டாங்க. எங்கம்மா தெருவுல நின்னு, 'குடிச்சிட்டு வந்து ஆட்றியா'ன்னு நைனாவத் திட்டுச்சி. ஊரே கேட்டுச்சி. அவுரு ஒண்ணும் சொல்லல, தலயத் தொங்கப் போட்டுகினாரு. அப்போ மதுவிலக்கு வேற. போலீஸ்காரன் வந்து நாலு அறை அறஞ்சிட்டுப் போனான். வாங்கிக்கினாரு." கிழவி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவுரு செத்த வருசம் என்னப் பொண்ணு பாக்க வந்தாங்க. அமாவாச. படையல் எலையில எங்கம்மா கொண்டாந்து ஒரு பாட்டில வெச்சிச்சி. வந்தவங்க பாக்கணும்னே. அன்னிக்கு வெச்சதுதான். நிறுத்தவே முடியல."

"உங்க தம்பி? எங்க மாமனாரு?"

"அவனுக்கும் கால் ஆடிச்சி. கெணத்து மேட்ல நின்னு தண்ணி சேந்தாதடான்னு சொன்னேன். கேக்கல."

ஜோதி கையிலிருந்த பருப்பைப் பார்த்தாள். தோல் உரிந்து வெள்ளையாக நசுங்கிக் கிடந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்தாள். அப்புறம் சொன்னாள்: "என்ன இந்த வூட்டுக்குக் கட்டினு வந்தப்போ, உங்குளுக்குத் தெரியும்."

சம்பூர்ணம் அடுத்த கொட்டையை எடுத்துத் தட்டினாள்.

"கல்யாணத்துல நீங்கதான எனுக்கு நலங்கு வெச்சீங்க? தெரியும்ல?"

"தெரியும்மா" என்றாள் கிழவி. "பார்த்திபனுக்கு வராதுன்னு நெனச்சேன். வரக்கூடாதுன்னு வேண்டிக்கினேன்."

ஜோதிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அலுப்பு அதையும் விடவில்லை. கார்த்திகையிலிருந்து பஸ் ஏறி இறங்கிய அலுப்பு, புருஷனைக் கைத்தாங்கலாகக் கழனிக்கும் கக்கூசுக்கும் கூட்டிப்போன அலுப்பு. உடைத்த பருப்பைப் பையில் கட்டினாள். கிழவி உடைத்ததில் ஒன்றுகூடத் தோல் உரியவில்லை என்பதைக் கவனித்தாள். கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் கழனியில் பார்த்திபனை வரப்பில் உட்காரவைத்துவிட்டு, ஏர்ச்சாலில் விதை போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வெயில் ஏறி பனி விட்டுப்போயிருந்தது. கடைசியில் குழறிக் குழறிச் சொன்னான்.

"தாத்தா செஞ்சதையே நானும் செஞ்சிட்றேன்."

"இன்னா செய்வ?"

"குடிகாரனாவே இருந்துட்றேன். பூ வெச்சிட்டுப் போவட்டும். ஆஸ்பத்திரிக்கு அப்பால போலாம், போவாம கூட இருக்கலாம்."

ஜோதி வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் அது நல்ல யோசனையாகவே பட்டது. அதை நினைத்தால் அவளுக்குப் பிற்பாடு வெட்கமாக இருந்தது. ஆனால் அன்று விதைத்து முடித்து நிமிர்ந்தபோது, ஒரு பாரம் இறங்கினது மாதிரிதான் இருந்தது.

அமாவாசையன்று சம்பூர்ணம் காலையிலேயே வந்துவிட்டாள். ஜோதி அவளிடம் "வாங்க" என்று மட்டும் சொன்னாள். குவார்ட்டரை ஜெயக்குமார் முதல் நாளே வாங்கிக் கொடுத்துவிட்டிருந்தான். மானசா லீவு போட்டு, தலை குளித்து, வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். சம்பூர்ணப் பாட்டியோடு சிரித்துச் சிரித்துப் பேசினாள். சாயங்காலம் வரவேண்டியவர்கள், செய்யூரில் வேறு வேலை முடிந்துவிட்டது என்று மதியமே வந்து நின்றார்கள். கலைவாணனும் அவன் அம்மாவும், பூவும் பழமும் உள்ள தாம்பாளத்தோடு. படையல் இன்னும் போட்டு முடியவில்லை. கூடத்தில் இலை விரித்திருந்தது. ஓரத்தில் வைக்க வேண்டிய பாட்டில் மட்டும் இல்லை.

ஜோதி தோட்டத்துப் பக்கம் ஓடினாள்.

தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்திபன் நின்றிருந்தான். பாட்டில் திறந்திருந்தது. சட்டையெல்லாம் சிந்தி நாறியது. வாய் கொப்புளிக்கத்தான் நினைத்தான் போலிருக்கிறது. ஒரு மடக்கு தொண்டைக்குள் போய்விட்டது. கண் பிதுங்க, மூச்சு வாங்க முடியாமல் தொட்டியில் முட்டிக்கொண்டிருந்தான். ஜோதி அவன் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். சத்தம் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒரு வழியாக இருமல் வந்து, வாந்தி வந்து, மூச்சு வந்தது.

கலைவாணனின் அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "இன்னிக்கொரு நாளு சும்மா இருக்கக்கூடாதா அண்ணே? சரி வுடுங்க. எங்க வூட்டுக்காரரும் இப்டித்தான் இருந்தாரு. கொயந்தைங்க நல்லா இருந்தா போதும்."

மன்னித்தே விட்டாள். பார்த்திபன் வாயைத் துடைத்துக்கொண்டு, குடிகாரன் சிரிப்பதுபோல் சிரிக்கப் பார்த்தான். அந்தச் சிரிப்பைத்தான் ஜோதியால் தாங்க முடியவில்லை.

"அவுரு குடிக்கல" என்றாள்.

"ஜோதி" என்றான் பார்த்திபன்.

"நீ சும்மா இரு. அண்ணி, இவுரு ஜென்மத்துல குடிச்சதில்ல. இது நோவு. மூளைல வர்ற நோவு. இவுங்க அப்பாவுக்கு இருந்துச்சி, தாத்தாவுக்கு இருந்துச்சி. என்னக் கட்டினு வந்தப்போ யாரும் எனுக்குச் சொல்லல. நீங்களும் ஒரு புள்ளயப் பெத்தவங்க. உங்குளுக்கு நான் சொல்லிட்றேன்."

கலைவாணனின் அம்மா மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்போ மானசாவுக்கு?"

"தெரியாது. வரலாம், வராமயும் போலாம். பாதிக்குப் பாதின்றாங்க."

வாசற்படியில் மானசா மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தாள். ஜோதி அப்போதுதான் அவளைப் பார்த்தாள்.

கூடத்துக்குத் திரும்பி வந்தார்கள். கலைவாணனின் அம்மா உட்காரவில்லை. கெட்டவளில்லை அவள், திட்டவுமில்லை, குறை சொல்லவுமில்லை. "யோசிச்சி சொல்றோம்மா" என்றாள். ஜோதியின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு, தாம்பாளத்தை அவளே எடுத்துக்கொண்டாள். கலைவாணன் மானசாவைப் பார்த்தான். "ஃபோன் பண்றேன்" என்றான். பண்ணுவானா மாட்டானா என்று அவன் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது, அவனுக்கே தெரிந்திருக்காது. பைக் சத்தம் தெருக்கோடியில் திரும்பி மறைந்தது.

மானசா அம்மாவின் எதிரில் வந்து நின்றாள்.

"அவுங்க கிட்ட சொன்னியே, எங்கிட்ட மொதல்ல சொன்னியா? எனுக்குத்தானம்மா வரப் போவுது?"

உண்மைதான். ஊருக்கெல்லாம் நியாயம் செய்தவள் பெற்ற பெண்ணை மறந்துவிட்டாள். ஜோதி சுவரோரமாக அப்படியே உட்கார்ந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். பார்த்திபன் நடை பழகும் குழந்தை மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டை நாற்றம் தாங்கவில்லை. அவள் நகரவில்லை.

மானசா அழவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"ஆஸ்பத்திரில குடுத்த பேப்பருங்க எங்க? திங்கக்கெழம நானும் வர்றேன் செங்கப்பட்டுக்கு. டாக்டரு எனுக்கு நேரா சொல்லட்டும். டெஸ்ட் எடுக்கிறதா வேணாமான்னு அப்பால பாத்துக்கலாம்." பின்பு சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினாள். குரல் கடுமையாகத்தான் இருந்தது. "அந்தத் தாத்தாவுக்கு இன்னாதான் புடிக்கும்? அதயாவது உண்மையச் சொல்லு."

"களி" என்றாள் கிழவி. "கேவுரு களி. வெல்லம் தொட்டுகினு."

மானசா அடுப்படிக்குப் போனாள். கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றி, துடுப்பைப் போட்டுக் கிண்ட ஆரம்பித்தாள். பழக்கமில்லாத கை; அடி பிடித்தது. சம்பூர்ணம் எழுந்துபோய்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். காக்காய்கள் கூரை மேல் வந்து உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. களி இறங்கி, உருண்டை பிடித்து, இலையில் பாட்டில் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு கட்டி வெல்லம். கற்பூரம் ஏற்றும்போது சம்பூர்ணம் கும்பிடவில்லை. களியில் கொஞ்சம் கிள்ளி, ஊட்டுகிறவள் மாதிரி விரல் நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் ஜெயக்குமார் வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, இலையை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னாம்மா மானசா, தாத்தா சரக்கு எங்க?"

"எங்க தாத்தா குடிக்க மாட்டாரு சித்தப்பா" என்றாள் மானசா.